மார்கழிக் குளிர், வெந்நீர், நன்றி: பொங்கலுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை விளக்குகளைத் துடைத்துப் பரணில் ஏற்றிய கையோடு எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். மாவு பொங்கவில்லை, தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, போகிக்கு எதைக் கொளுத்தலாம், வேலைக்கு வரும் அக்காவுக்குப் பொங்கலுக்கு என்ன கொடுக்கலாம். கேட்பவர்கள் உறவுக்காரர்கள், பழைய அலுவலக நண்பர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நான் வளர்ந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இருபது வருடமாகத் தாம்பரத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

மார்கழி எப்போது தொடங்குகிறது? ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓடிவிடுகிறது?

டிசம்பர் 16-ஐ ஒட்டித் தொடங்கும். ஜனவரி 14 அல்லது 15 அன்று தை பிறந்துவிடும். ஓடிவிடுகிறது என்பது உங்கள் பிரமை இல்லை. தமிழ் மாதங்களிலேயே குட்டை மாதம் இதுதான், பெரும்பாலும் 29 நாள். ஆனி, ஆடியெல்லாம் 31, 32 நாள் என்று நீளும்.

காரணம் வானத்தில் இருக்கிறது. ஒரு ராசியைச் சூரியன் கடக்கும் காலம்தான் நமக்கு ஒரு மாதம். பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலை தொடக்கத்தில் அது சுமார் 15.2 கோடி. அருகில் இருக்கும்போது பூமி வேகமாகச் சுற்றும், அதனால் மாதம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சூரியனுக்கு அருகில் இருக்கிறோம் என்றால் ஏன் குளிர்கிறது?

என் அண்ணன் மகள் கேட்ட கேள்வி இது. நான் இரண்டு நாள் கழித்துத்தான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். தூரம் பெரிய விஷயமில்லை, சாய்வுதான் விஷயம். இந்த மாதங்களில் பூமியின் வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. வெயில் சரிந்து விழுகிறது, பகல் குறைகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மேகம் விலகிவிடும். மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். தரை குளிர்ந்தால் அதன்மேல் நிற்கும் காற்றும் குளிரும், அதிலிருக்கும் ஈரம் புல்லிலும் நெற்கதிரிலும் பனியாக இறங்கும். அதன்மேல் வாடைக்காற்று வேறு.

இன்னொன்று. தை பிறந்துவிட்டால் மறுநாளே சீக்கிரம் விடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். சென்னையில் ஜனவரி கடைசிவரை சூரியன் 6.35-ஐ ஒட்டித்தான் எழும். முதலில் நீள்வது மாலை, காலை பிறகுதான் வரும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சும்மா சொல்லவில்லை. போர்வையை மாசிவரை உள்ளே வைக்காதீர்கள்.

சென்னையில் 21 டிகிரி. இதெல்லாம் ஒரு குளிரா?

ஊட்டிக்காரர்கள் சிரிக்கட்டும். அங்கே இந்த மாதங்களில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது, பூஜ்யத்தை எட்டும் இரவுகளும் உண்டு. ஆனால் நம் வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டியவை. தரை சிமெண்டு அல்லது டைல்ஸ், ஜன்னல் முழுக்கக் காற்று வருவதற்கு, சூடேற்ற எதுவும் கிடையாது. சித்திரையில் 40 டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு 21 குளிர்தான். அறுபதைத் தாண்டியவர்கள் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக நடைபயிற்சிக்குப் போவதைக் கேலி செய்கிறவர்களுக்கும் ஒருநாள் அறுபது வரும்.

மாவு பொங்கவே இல்லை. என்ன செய்வது?

முதலில், நேரத்தை மாற்றுங்கள். கோடையில் ஏழெட்டு மணி நேரத்தில் புளிக்கிற மாவு மார்கழியில் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் கேட்கும். இரவு எட்டு மணிக்கு அரைத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குப் பூப்போல இட்லி வேண்டும் என்றால் நடக்காது. மதியமே அரைத்துவிடுங்கள்.

மாவைப் பொங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குச் சுமார் 30 டிகிரி இருந்தால் உற்சாகம். அதனால் உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறட்டும், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் வேண்டாம், அரைத்த மாவைக் கரண்டியை விட்டுக் கையால் கலக்குங்கள். பிறகு பாத்திரத்தை ஒரு பெரிய அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி வைத்து மூடிவிடலாம். என் அம்மா சாக்கில் சுற்றி அடுப்பு மேடையின் மூலையில் வைப்பார். பழைய மாவு ஒரு கரண்டி மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

தயிருக்கும் இதே கதைதான். பாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில், விரல் பொறுக்கும் அளவில் உறை ஊற்றி, ஹாட்பாக்ஸில் வைத்து மூடிவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பவர்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அது நல்ல எண்ணெய் என்பதற்கோ கெட்ட எண்ணெய் என்பதற்கோ அடையாளம் இல்லை. பாட்டிலை வெந்நீர்க் குவளையில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

உங்கள் ஊரில் வெந்நீருக்கு என்ன செய்வீர்கள்?

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதற்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். தேங்காய் மட்டை, கொட்டாங்கச்சி, சுள்ளி, பழைய நோட்டுப் புத்தகம் என்று கையில் கிடைத்ததை மேலே போட்டு எரிப்போம். புகை கண்ணைக் கரிக்கும், ஆனால் அதன் பக்கத்தில் நிற்க எங்களுக்குள் அடிதடி நடக்கும். மார்கழியில் எங்கள் வீட்டிலேயே சுகமான இடம் அந்தக் கொல்லை மூலைதான். நாயும் அங்கேதான் படுத்திருக்கும்.

பாய்லருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு வாளி வெந்நீர் பிடித்தால் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுத்தான் குளிக்கப் போகவேண்டும். ஊற்றாமல் போனால் அடுத்தவருக்குத் தண்ணீர் இருக்காது, பாத்திரமும் காய்ந்து ஈயம் உருகிவிடும். எங்கள் வீட்டில் ஒன்பது பேர். "யாருடா ஊத்தாம போனது?" என்ற சத்தம் கேட்காத மார்கழிக் காலை எனக்கு நினைவில் இல்லை. பெரும்பாலும் அந்த யாருடா நான்தான்.

மார்கழிக் காலை ரொம்ப அழகு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது அலாரம் மட்டும்தான். தப்பா?

தப்பே இல்லை. நான் ஆண். எனக்கே இது முப்பது வயதுக்குமேல்தான் உறைத்தது என்பதை ஒப்புக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மார்கழி என்றதும் எல்லோருக்கும் வரும் படங்களைப் பாருங்கள். வாசலில் பெரிய கோலம், நடுவில் பறங்கிப்பூ, கையில் ஆவி பறக்கும் காபி, கோயிலில் சுடச்சுட வெண்பொங்கல். இதில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாரோ ஒருவர் நாலரை மணிக்கு எழுந்து குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டிருக்கிறார். வாசல் தெளிக்கிற தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும், சாணி கரைக்கிற தண்ணீரும் அப்படித்தான். என் அம்மாவின் விரல் நுனிகள் மார்கழி முழுக்க வெடித்திருக்கும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார். நாங்கள் போர்வைக்குள் இருந்துகொண்டு, வெளியே சாணம் தெளிக்கும் சளசளப்பைக் கேட்டபடி இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொள்வோம். அந்தச் சுகத்துக்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம் என்பது இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

அதனால் கோலம் போட முடியவில்லை என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆறு மணிக்குப் போட்டாலும் கோலம்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டாலும் கோலம்தான். வீட்டில் ஆண்பிள்ளைகள் இருந்தால் வாசல் தெளிக்கிற வேலையை அவர்களிடம் தள்ளுங்கள். புள்ளி வைக்க வராது, வாளி தூக்க வரும்.

வீட்டில் "நன்றி" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பிறகு எப்படித்தான் சொல்வது?

இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லலாம்.

மேடையில் நன்றி சொல்கிறோம், கடிதத்தின் கடைசியில் எழுதுகிறோம், ஆட்டோக்காரரிடம் "தேங்க்ஸ்ணா" என்கிறோம். வீட்டுக்குள் மட்டும் அந்த வார்த்தை நுழையாது. காபி கொடுத்த அம்மாவிடம் "நன்றி அம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், இல்லாவிட்டால் "என்ன, காசு வேணுமா?" என்பார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் காதில் விழுந்ததெல்லாம் திட்டாகத்தான்: "நன்றி கெட்டவனே!"

இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. குறளில் 11-ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். தலைப்பைக் கவனியுங்கள். அறிதல் என்றுதான் இருக்கிறது, சொல்லுதல் என்று இல்லை. அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் நம் வேலை. நம் வீடுகளில் அந்தப் பழைய பொருள்தான் இன்னும் நடமாடுகிறது.

ஆனால் இதில் ஒரு வசதியான ஏமாற்றும் இருக்கிறது. "சொன்னாத்தானா? மனசுல இருக்கு" என்று சொல்லியே முப்பது வருடம் ஓட்டிவிடலாம். மனதில் இருக்கிறது என்றால் கையில் கொஞ்சமாவது தெரியவேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன், ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தோசை வார்க்கிறவர்தான் எப்போதும் கடைசியில் சாப்பிடுவார், அதுவும் ஆறிப்போன, ஓரம் கிழிந்த தோசையை. மார்கழியில் ஆறிய தோசை அட்டைபோல இருக்கும். அதனால் முதல் இரண்டு தோசை வார்க்கிறவருக்கு. அவர் உட்கார்ந்து தின்று முடிக்கும்வரை கரண்டி வேறு ஒருவர் கையில். ஆரம்பத்தில் என் மனைவி "நீங்க ஊத்துற தோசையை யார் திங்கிறது?" என்று மறுத்தாள். மூன்றாவது வாரம் தட்டை எடுத்துக்கொண்டு அவளே வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் நன்றி சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. தோசை இன்னும் வட்டமாக வரவில்லை.

குளிருக்கு இதமாக என்ன செய்து சாப்பிடலாம்?

வெண்பொங்கலுக்கு இந்த மாதத்தை விட்டால் வேறு மாதம் கிடையாது. ஒரு பங்கு பச்சரிசிக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு, லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பங்கு தண்ணீர். குழைந்திருக்க வேண்டும், உதிர்ந்தால் அது பொங்கல் இல்லை. மிளகு, சீரகம், இஞ்சி நெய்யில் பொரியவேண்டும். மிளகை முழுசாகப் போட்டால் எல்லோரும் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள், ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள்.

திருவாதிரை அன்று களி. அரிசியைச் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, வெல்லப்பாகில் வேகவைப்பது. கூடவே பறங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி என்று இந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கிற காய்களைப் போட்டு ஏழு கறிக் கூட்டு. இனிப்புக் களிக்குக் காரக் கூட்டு ஏன் என்று கேட்காதீர்கள், தின்று பாருங்கள். மார்கழி 27 கூடாரவல்லி, அன்றைக்கு அக்காரவடிசில். பாலிலேயே அரிசி வேகவேண்டும், நெய்யில் கஞ்சத்தனம் கூடாது.

மாலைக்குச் சுக்கு மல்லிக் காபி. பெயர்தான் காபி, காபித்தூள் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சுக்கு, கொத்தமல்லி விதை, கொஞ்சம் மிளகு, ஒரு ஏலக்காய் எல்லாவற்றையும் இடித்துக் கொதிக்கவிட்டுக் கருப்பட்டி போட்டு வடிகட்டுங்கள். மழையில் நனைந்து வந்தவருக்கும், போன வேலை நடக்காமல் திரும்பி வந்தவருக்கும் பொருந்தும்.

கோலத்தில் பறங்கிப்பூ வைப்பது எதற்கு? பூவை அப்புறம் என்ன செய்வது?

சாணி உருண்டையில் செருகி வைத்தால் பூ சாயாமல் நிற்கும். பூ இந்தப் பருவத்தில் ஏராளம், வைக்கிறோம், அவ்வளவுதான். பெரிய தத்துவம் எதையும் நான் பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டதில்லை. சாயங்காலம் அதைத் தூக்கி எறிவதில்லை. வறட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. தை மாதத்தில் பெண்பிள்ளைகள் முற்றத்தில் சின்னதாக ஒரு மண்வீடு கட்டிப் பொங்கல் வைத்து, சேர்த்து வைத்த பூ வறட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ கரைப்பார்கள். எங்கள் பக்கம் அது இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

கோலமாவு விஷயத்தில் ஒன்று: கல்மாவு பளிச்சென்று இருக்கும், அரிசிமாவுக்கு எறும்பு வரும். எறும்பு வரட்டும் என்றுதான் அரிசிமாவு.

கோயில் ஒலிபெருக்கி நாலரை மணிக்கே அலறுகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

சட்டப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. நடைமுறையில், கோயில் பொறுப்பாளரிடம் நேரில் போய், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும் முடியாமல் படுத்திருக்கும் பெரியவரையும் சொல்லிக் கேளுங்கள். சத்தத்தைக் குறைத்து எங்கள் தெருவில் ஆறு வருடம் ஆகிறது. பாட்டு இப்போதுதான் பாட்டாகக் கேட்கிறது.

குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு வைக்கலாமா?

கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். மலையூர்களுக்குச் சுற்றுலா போன இடத்தில் இப்படி உயிர் போன செய்திகள் வந்திருக்கின்றன. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதிலும் இதே ஆபத்து. இன்னொரு போர்வை போதும்.

மார்கழியில் ஏன் கல்யாணம் செய்வதில்லை? பீடை மாதம் என்கிறார்களே?

பீடை இல்லை, பீடு, அதாவது பெருமை என்று ஒரு கட்சி, இல்லை பீடைதான் என்று இன்னொரு கட்சி. இறைவனுக்கான மாதம், வீட்டு விசேஷம் வேண்டாம் என்பது பொதுவான பதில். எனக்குத் தோன்றுவது கொஞ்சம் வேறு. டெல்டாவில் மார்கழியில் சம்பா வயலில் நிற்கிறது, கதிர் பால் பிடித்து முற்றுகிற நேரம். குதிரில் பழைய நெல் அடிமட்டத்துக்கு வந்திருக்கும், கையில் காசு இருக்காது. இந்த நிலைமையில் யார் பந்தல் போடுவது? அறுப்பு முடிந்தால்தான் எல்லாம். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பதில் பாதி நம்பிக்கை, பாதி வரவுசெலவுக் கணக்கு.

அந்தக் கணக்கும் சில வருடம் பொய்த்துப்போகும். 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்தில் மழை வெளுத்து வாங்கியது. அறுப்புக்கு நின்ற சம்பா தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. அந்த வருடம் எங்கள் ஊரில் பொங்கல் வைத்தார்கள், ஆனால் கடையில் வாங்கிய அரிசியில்.

போகிக்கு எதைக் கொளுத்தலாம்?

கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த ஓலைக்கூடை. இவ்வளவுதான் அந்தக் காலத்துப் "பழையன". அதில் மண்ணில் மக்காதது எதுவும் கிடையாது. டயர், பிளாஸ்டிக், ரெக்சின், செயற்கைத் துணி எதுவும் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் இதைச் சொல்கிறது, வருடா வருடம் விடியற்காலையில் டயர் வாசனை வருகிறது.

குளிரும் இதில் கூட்டுக் களவாணி. குளிர்ந்த காற்று தரையோடு ஒட்டிக்கிடக்கும், மேலே வெப்பமான காற்று மூடிபோல நிற்கும். புகை மேலே ஏற வழியில்லை. 2018 போகி அன்று சென்னை விமான நிலையத்தில் எதிரே இருப்பது தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் அன்று காலை ஜன்னலைத் திறக்காதீர்கள்.

கொளுத்துவதைவிடக் கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. போர்வை, ஸ்வெட்டர், சின்னதாகிப்போன பள்ளிக்கூடச் சட்டை இவற்றைத் துவைத்து, பொத்தான் தைத்து, மார்கழி பாதியிலேயே கொடுத்துவிடுங்கள். தை முடிந்து கொடுத்தால் கம்பளியால் யாருக்கு என்ன லாபம்?

காப்புக் கட்டுவது என்றால் என்ன?

போகி அன்று சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு நிலையிலும், மாட்டுக்கொட்டகையிலும், வயல் மூலையிலும் செருகுவது. கொங்குப் பக்கம் இதை விடவே மாட்டார்கள். பூளைப்பூவைப் பொங்கல் பூ என்றும் சொல்வார்கள். சந்தையில் ஒரு கட்டு வாங்கிப் பாருங்கள், நகரத்து வீட்டு இரும்புக் கதவில்கூட அழகாகத்தான் இருக்கிறது.

சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம், சரி. மனிதர்களுக்கு?

பொங்கலைச் சூரியனுக்கும் மாட்டுக்கும் உழவருக்கும் நன்றி சொல்லும் விழா என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எல்லோரும் எழுதியிருப்போம். உழவர் என்று எழுதும்போது நிலம் வைத்திருப்பவர்தான் கண்ணில் வருகிறார். நாற்றுப் பறித்தவர், நட்டவர், களையெடுத்தவர், இந்தப் பனியில் ஈரத்தில் நின்று அறுத்தவர் வருவதில்லை.

"அந்தக் காலத்தில் களத்துமேட்டில் எல்லோருக்கும் படியளப்போம்" என்று என் தாத்தா தலைமுறையில் பெருமையாகச் சொல்வார்கள். அளந்தது உண்மை. எவ்வளவு அளப்பது என்பதை அளக்கிறவரே முடிவு செய்தார் என்பதும் உண்மை. அந்தப் படியைக் கூட்டிக் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு எங்கள் டெல்டாவிலேயே ஒரு மார்கழி ராத்திரி இருக்கிறது: 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. கல்லூரிக்குப் போனபிறகுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு இரக்கத்தோடு அளக்கிற படியை நன்றி என்று சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. முதலில் சரியான கூலி. நன்றி அதற்கு மேலேதான்.

வீட்டு வேலைக்கு வருபவருக்கு, குப்பை எடுப்பவருக்கு என்ன கொடுப்பது?

காசாகக் கொடுங்கள். பழைய புடவையும் மிஞ்சின இனிப்பும் நமக்கு வசதி, அவருக்கு இல்லை. வீட்டில் வேலை செய்பவருக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. முடியாவிட்டால் பாதி. போகிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அவரும் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து வாங்கவேண்டும் அல்லவா? பொங்கல் அன்றைக்கும் மறுநாளும் சம்பளத்தோடு லீவு. அன்றைக்குப் பாத்திரம் யார் தேய்ப்பது என்று கேட்டால், இவ்வளவு நேரம் நான் என்னதான் எழுதிக்கொண்டிருந்தேன்?

மார்கழி முழுக்கப் பாத்திரம் தேய்க்க ஒரு வாளி வெந்நீர் கலந்து கொடுப்பதற்குக் காசே ஆகாது.

நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். வாசலில் பனி முழங்கால் ஆழம். பொங்கல் எப்படி வைப்பது?

உங்கள் குளிருக்கு முன்னால் மேலே எழுதியதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். அங்கே ஜனவரி நடுவில் சூரியன் 7.45-ஐ ஒட்டித்தான் வருகிறார், அதனால் நாலரை மணிக்கு எழவேண்டிய கட்டாயமே இல்லை. கிழக்கு ஜன்னல் பக்கம் அடுப்பை வையுங்கள். மண்பானையை மின்னடுப்பில் வைக்க முடியாது, வெடிக்கும். எவர்சில்வர் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினால் போதும். பொங்கி வழியவேண்டும் என்பதால் அடியில் ஒரு தட்டு, மேலே புகை அலாரத்தின் மேல் ஒரு கண். கனடாவில் 2016-இல் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது, ஆகவே பொங்கலோ பொங்கல் என்று கத்துவதற்கு அண்டைவீட்டாரிடம் சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது.

சாமி கும்பிடாதவர்கள் வைக்கலாமா?

தாராளமாக. அரிசிக்கும் பாலுக்கும் தெரியாது. தேவாலயங்களிலும் சமத்துவப் பொங்கல் வைக்கிறார்கள்.

அந்தச் செம்பு பாய்லர் இப்போது எங்கே?

இதைக் கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் கடைசியில் வைத்தேன். ஊரில் இப்போது அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். மட்டை பொறுக்க ஆள் இல்லை, அம்மாவுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடத்துக்கு முன் போகிக்கு முதல்நாள் பாத்திரக்காரர் வந்து எடைபோட்டு எடுத்துப் போனார். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு அப்பா ஒரு கீசர் வாங்கி மாட்டினார்.

அம்மா பழைய வழக்கப்படி நாலரைக்கு எழுகிறார். இரவெல்லாம் ஓடினால் மின்கட்டணம் எகிறும் என்று அதை ராத்திரி அணைத்துவிடுவார்கள். போன மார்கழியில் நான் அங்கே இருந்தபோது கூடத்தில் படுத்திருந்தேன். நாலேகால் இருக்கும், யாரோ இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற சத்தம். அப்பா. எழுபத்தெட்டு வயது, குரங்குக் குல்லாயோடு. கொல்லைக் கதவு கிரீச்சென்றது, சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டார்.